உள்ளே வேகாத மண்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி பல வருஷம் ஓடியது. கழிவையெல்லாம் பின்பக்கத்துக் கரிசல் காட்டில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. கிணற்றுத் தண்ணீர் நாறிப்போய், ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் அந்த மண்ணைத் தோண்டி எரித்துச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. எரிக்கும் மெஷினோடு ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி வந்து இறங்கியது. கோவில்பட்டி நூல் மில்லில் பாய்லர் பார்த்தவன் என்று என்னை ஆபரேட்டராக எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு நல்லது செய்கிற வேலை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

மெஷின் என்பது படுக்கப்போட்ட பெரிய இரும்பு உருளை. உள்ளே நெருப்புச் செங்கல் பதித்திருக்கும். ஒரு முனையில் பர்னர் சீறும். மண் மெதுவாக உருண்டு மறுமுனைக்கு வரும். எண்ணூறு டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் மருந்தெல்லாம் ஆவியாகப் பிரிந்துவிடும். அந்த ஆவியை அடுத்த அறையில் இன்னும் அதிகச் சூட்டில் எரிப்போம். மெஷினைச் செய்தவர்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஈரம் பட்டால் அது களியாகத் திரண்டு தேங்காய்ப் பருமனுக்கு உருண்டைகளாகிவிடும். கம்பியால் குத்திக் குத்தியே என் தோள்பட்டை இற்றுப்போனது.

சித்திரையில் கோடைமழை பெய்து மண் நனைந்து கிடந்த சமயம் பார்த்து பர்னரில் எண்ணெய் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டது. சூடு அறுநூறைத் தாண்டவில்லை. மாற்று நாசில் வர மூன்று நாளாகும் என்றார்கள்.

“சார், மண்ணு போடாம சும்மா சுத்த விடுவோம் சார்,” என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் சென்னைக்காரர்.

“தேதிக்குள்ள முடிக்கணும். மண்ணப் போட்டுட்டே இருங்க. நோட்டுல எண்ணூத்தி அம்பதுன்னு எழுதுங்க.”

எழுதினேன். மூன்று நாளும், மணிக்கு ஒரு தடவை, என் கையெழுத்தில். வெளியே வந்த உருண்டை ஒன்றை மண்வெட்டியால் உடைத்துப் பார்த்தேன். மேலே செங்கல் நிறத்தில் வெந்திருந்தது. உள்ளே கன்னங்கரேலென்று பச்சை மண். மருந்து நெடி மூக்கில் ஏறியது. அதைக் குவியலில் வீசிவிட்டு டீ குடிக்கப் போனேன். மறுவாரம் சோதனைக்கு மண் எடுக்க வந்தவர்களுக்கு நன்றாக வெந்த குவியலைக் காட்டினார்கள். பாஸ்.

எங்கள் பக்கம் மழைக்கு முன்னால் கண்மாயில் கரம்பை என்கிற வண்டல் மண்ணை அள்ளி உரமாகக் காட்டில் அடிப்பார்கள். அந்த வருஷம் கண்மாயில் அள்ள அனுமதி கிடைக்கவில்லை. வெந்த மண்ணை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னதும் டிராக்டர்கள் வரிசை கட்டின. சுட்ட மண்ணில் பூச்சிபொட்டு அண்டாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு வேறு.

விளாத்திகுளம் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்காவும் போன் செய்தாள். அத்தான் இறந்தபிறகு ஒரு துண்டு மிளகாய்க் காட்டை வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள்.

“ஏலே, அந்த மண்ணு நாலு டிராக்டர் அடிக்கலாம்னு பாக்கேன். நல்ல மண்ணுதானல? நீதான அங்கன நிக்க, ஒனக்குத் தெரியாததா?”

சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்காகப் பொய் எழுதினாய் என்று கேட்பாள். வேலையும் போகும், ஊர் என்னைச் சும்மா விடாது. “டெஸ்ட் பண்ணுன மண்ணுதான்க்கா,” என்றேன். அது பொய்யில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட கோழை நான்! எந்த டிராக்டரில் எந்த நாள் மண் போனது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த பங்குனியில் அக்கா ஒரு சாக்கு மிளகாய் வத்தலோடு பஸ் ஏறி வந்தாள். “காயி எப்படித் திரண்டிருக்கு பாத்தியா? எல்லாம் நீ சொன்ன மண்ணுதாம்ல,” என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் கிளம்பிய கையோடு என் மனைவி குழம்புக்கு ஒரு பிடி அள்ளினாள். பழசு தீரட்டும் என்று கையிலிருந்து பிடுங்கினேன்.

மறுநாள் சாக்கை பைக்கில் கட்டி வேலைக்குக் கொண்டுபோனேன். கூட நின்றவன் சாப்பிடப் போனபோது, மண்ணோடு சேர்த்து உருளைக்குள் தள்ளினேன். அத்தனை வத்தல் எரிந்தும் ஒரு தும்மல்கூட வரவில்லை. மீட்டர் எண்ணூற்றி எழுபது காட்டியது. அதை அப்படியே நோட்டில் எழுதினேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “வத்தல அரைச்சாச்சா? காரம் எப்படில இருக்கு?”

“நல்ல காரம்க்கா.”

“இங்கன பிள்ளைகளுக்கு அந்தப் பொடி இல்லாம சோறே எறங்க மாட்டேங்கு,” என்று சிரித்தாள்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.