செல்விக்கு நான் எழுதிய அடிக்வேட்

இந்த ஊரில் எல்லாமே சூப்பர். பொன்னேரியில் காலை டீ சூப்பர். கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் சூப்பர். கிடைக்காமல் வாசலில் நின்றுகொண்டு வந்தால் காற்று சூப்பர். திருச்சூரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இந்த ஆச்சரியம் தீரவில்லை. எங்கள் பக்கத்தில் பாராட்டை இப்படி வாரி இறைக்க மாட்டோம். நான் பள்ளியில் முதலாவதாக வந்த அன்று அப்பா மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "குழப்பமில்லா" என்றார். மலையாளத்தில் அதற்குப் 'பரவாயில்லை' என்று பொருள். அதைக் கேட்டு வீடே துள்ளியது! அதற்கு மேல் எங்களிடம் பாராட்டு கிடையாது. கல்யாண வீட்டில் மூன்று பாயசம் குடித்து எழுந்தவரும் அதையே சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார்.

அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நான் அடித்த கூத்தை, இங்கே பிழைக்க வந்திருக்கும் என் மலையாளிச் சொந்தங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். தமிழர்களும் கேட்டுச் சிரிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

பம்புக்கான இரும்பு வார்ப்புகள் செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். என் பிரிவில் செல்வி என்று ஒருவர். புதுவாயல் பக்கம். பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் எட்டு வருடமாக இங்கே கான்ட்ராக்டில். ஒரு சின்னக் கம்பியால் வார்ப்பைத் தட்டுவார். நல்லதென்றால் கணீரென்று கேட்கும்; உள்ளே கோளாறு என்றால் ஓசை அடங்கிவிடும். போன மாதம், அளவுக்கருவி சரியென்று சொன்ன ஒன்றைத் தட்டிவிட்டு, "இது வேணாம் மேடம், உள்ள அடி வாங்கிகினு கீது" என்றார். அறுத்துப் பார்த்தால் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆனால் வாய் சொன்னது என்ன தெரியுமா? "சரி, அடுத்ததைப் பாருங்க."

இந்த மாதம் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்குகிறோம், உங்கள் ஆளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு படிவம் வந்தது. யோசித்து ஒரே வரி எழுதினேன்: செல்வியின் வேலை அடிக்வேட். எங்கள் அகராதியில் அதற்கு 'மதியாய' என்று போட்டிருக்கும். போதுமானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? பெருமையோடு கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் செல்வி என் மேஜைக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"இன்னா மேடம் இப்டி பண்ட்டீங்க? ஜுரத்தோட கூட வந்துகினு இருந்தேனே. சுமார்னு எழுதிட்டீங்களாம். மேனேஜரு பேப்பர ஓரமா வச்சிட்டாரு."

"யாரு சுமார்னு எழுதினது? நான் நல்லதல்லே எழுதினேன்!" நல்லதுதானே என்று சொல்ல வந்தது, பதற்றத்தில் பாதி மலையாளமாகிவிட்டது. அவரையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

மேனேஜர் திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருபவர். சுற்றி வளைக்க மாட்டார். "மேடம், அடிக்வேட்னா ஏதோ ஓட்டிக்கலாம்னு அர்த்தம். மத்தவங்க எக்ஸலன்ட், அவுட்ஸ்டாண்டிங்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. நாலு மணிக்கு லிஸ்ட் மேல போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

மலையாளிகளே, குறித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் அடிக்வேட், வண்டி நிறுத்த இடம் அடிக்வேட், அறையில் வெளிச்சம் அடிக்வேட். எல்லாம் சரி. அளவுக்கும் பொருளுக்கும் தாராளமாகப் போடுங்கள். உங்கள் மனத்துக்கு உகந்த மனிதருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். பள்ளியில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

"வேற படிவம் தாங்க சார்" என்றேன்.

"மொதல்ல வாயால சொல்லுங்க, கேப்போம்."

செல்வி பக்கத்திலேயே நிற்கிறார். ஒருவரை நேருக்கு நேர் புகழ்வது எனக்குக் கூச்சமான காரியம். மலையாளத்தில் தேடினேன், ஒரு வாக்கியமும் அகப்படவில்லை. வாயைத் திறந்தேன், தமிழ் கொட்டியது! "செல்வி மாதிரி இன்னொரு ஆள் இந்தக் கம்பெனில கிடையாது சார். மிஷின் விட்டத இவங்க காது பிடிச்சுது. இவங்க ஓகே சொன்னது ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. நான்தான் இவங்ககிட்ட வேல கத்துக்கிட்டேன்." நிறுத்தவே முடியவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே படிவத்தைத் தள்ளினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எக்ஸெப்ஷனல் என்ற சொல்லை வாழ்நாளில் முதல்முறையாக அன்றுதான் ஒரு மனிதருக்குக் கொடுத்தேன்.

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவது பெயர் செல்வி! நான் போட்ட கூச்சலில் லோடு ஏற்றுபவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எட்டு வருஷத்துல யாரும் என்னப் பத்தி இப்டிச் சொன்னதில்ல மேடம். உங்க பொண்ணு குடுத்து வச்சது. டெய்லி இப்டிக் கேட்டுகினு இருக்குமில்ல?"

என் மகள் அனு திருச்சூரில் என் அக்கா வீட்டில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். தினமும் போன் பேசுகிறோம். மார்க் கேட்டிருக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

சாயங்காலம் பொன்னேரியில் இறங்கியதும் பிளாட்பாரத்திலிருந்தே அனுவை அழைத்தேன். "நீ எவ்வளவு நல்ல பொண்ணு தெரியுமா? உன்ன நெனச்சாலே எனக்குப் பெருமையா இருக்கு" என்று ஒரே மூச்சில் தமிழில் சொல்லிவிட்டேன்.

"அம்மே, எந்து பற்றி? பனியுண்டோ?" என்றாள். என்ன ஆச்சு, காய்ச்சலா என்று கேட்கிறாள். பிறகு மெதுவாக, "இது மலையாளத்தில் பற" என்றாள். 'பற' என்றால் 'சொல்'.

"நீ..." என்று தொடங்கினேன். இரண்டு மொழிக்கும் அது பொதுவான சொல். அதற்கடுத்த சொல் தமிழில்தான் வந்தது. மறுபடி தொடங்கினேன், மறுபடியும் தமிழ். சினிமாவில் கேட்ட தமிழை வைத்துக்கொண்டு அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஒன்னுகூடி பற, அம்மே" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறாள்.