நிறம் வராத தண்ணீர்

மைசூர் விஜயநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன நீச்சல் குளம் இருந்தது. நாலு எருமை இறங்கினால் நிறைந்துவிடும், அவ்வளவுதான் அகலம். வீட்டை விற்றவர் மகனோடு இருக்க வெளிநாட்டுக்குப் போய்விட்டார். குளம் சருகும் குப்பையுமாகக் காய்ந்து கிடந்தது. மண்ணைக் கொட்டி மூடிவிட்டு வாழை வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் ஹனூரிலிருந்து என் தங்கை எங்களோடு இருக்க வந்தாள்.

அவள் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். முடக்குவாதம் வந்து விரல் கணுக்களெல்லாம் வீங்கி, சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் போனது. பிறகு முழங்கால்களும் பிடித்துக்கொண்டன. மைசூரில் நாங்கள் காட்டிய டாக்டர், "தண்ணிக்குள்ள நடக்கறது ரொம்ப நல்லது. மூட்டுல பாரம் விழாது. ஆனா பொதுக் குளத்துக்குப் போகாதீங்க. இவங்களுக்குக் குடுக்கற மருந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும். சின்ன இன்ஃபெக்ஷனும் பெரிசாயிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை நேரே பின்பக்கம் போய், ஊன்றுகோலைப் பிடித்தபடி குளத்தை எட்டிப் பார்த்தாள். மறுவாரமே ஆள் வைத்துக் குளத்தைக் கழுவினோம்.

அது உப்புத் தண்ணீர்க் குளம். உப்பைப் போட்டால் போதும், வேறு மருந்தே வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் பழுது பார்க்க வந்தவர் சிரித்தார். "உப்பு சும்மா இருக்கும் மேடம். இந்த மெஷின்தான் அதுலருந்து குளோரின் எடுக்கும். அந்தக் குளோரின்தான் கிருமியக் கொல்லும். குறைஞ்சா ஆபத்து, கூடினா எரிச்சல்." அதோடு, எங்கள் போர் தண்ணீர் கடினமானது என்பதால் மெஷினுக்குள் இருக்கும் தகடுகளில் சுண்ணாம்பு படியும், படிந்தால் குளோரின் வராது, காரத்தன்மை தானாக ஏறிக்கொண்டே இருக்கும், அமிலம் ஊற்றிக் குறைக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து என் காலைப்பொழுது மாறிப்போனது. காபி போடுவதற்கு முன்னால் குளம். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சின்னக் கரண்டியால் ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினால் ரோஜா நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு குளோரின். இன்னொரு குழாயில் சொட்டு மருந்து விட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும்; அது காரத்தன்மைக்கு. அட்டையில் இருக்கும் நிறங்களோடு ஒட்டிப் பார்த்து, வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, பிறகு கணவரைக் கூப்பிட்டு அவர் கண்ணுக்கும் ஒரு தடவை. அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் பாதி கன்னடம். "சரியாத்தான் இருக்கு பிடு, விட்டுடு. சும்னே எதுக்கு டென்ஷன்?" என்பார். எனக்குச் சமாதானம் ஆகாது.

தங்கை மட்டும் மலர்ந்துகொண்டிருந்தாள். முதலில் கைப்பிடிக் கம்பியை விடவே பயந்தவள், மார்பளவு தண்ணீரில் கம்பியை விட்டு நடந்தாள். தரையில் படியேற முகம் சுளிப்பவள் தண்ணீருக்குள் காலை மடக்கி நீட்டினாள். அவள் நடக்கும் நேரம் முழுக்க நான் கரையில் நின்று தண்ணீர் கலங்குகிறதா, அவள் வாய்க்குள் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அக்கா, நீ என்னையப் பாக்கறியா, தண்ணியப் பாக்கறியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டையுந்தான்."

பயந்தது போலவே அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. மூச்சு விடக் கஷ்டப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எதேச்சையாகத்தான் கேட்டார், "குளத்துத் தண்ணியெல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்கல்ல?" தண்ணீரால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலும் எல்லோருக்கும் இருமல் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்க, கடைசியாக அவள் குளித்த நாளில் ரோஜா நிறம் எவ்வளவு இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் தேறி வீட்டுக்கு வந்த சமயம் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடி, காற்று, மணிக்கணக்கில் மின்வெட்டு. மோட்டார் ஓடவில்லை. மழைத்தண்ணீர் விழுந்து உப்பு நீர்த்துப்போய், கரண்ட் வந்தபோது மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. குளத்துக்கு மெல்லிய பச்சை ஏறியிருந்தது. குழாயில் பொடி போட்டுக் குலுக்கினேன். நிறமே இல்லை.

உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினோம். மெஷினை முழு வேகத்தில் வைத்தேன். போதாதென்று கடையிலிருந்து குளோரின் கேன் வாங்கி வந்து ஊற்றினேன். இனி ஒரு இலை கூட விழக்கூடாது என்று குளத்தைத் தார்ப்பாயால் மூடினேன். அடுத்த நாள் பச்சை போய்த் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. பொடி போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். அப்போதும் நிறம் இல்லை. மறுபடி ஊற்றினேன். மறுநாளும் குழாய் வெறும் தண்ணீராகவே நின்றது. காரத்தன்மைக் குழாயோ அட்டையிலேயே இல்லாத ஒரு கத்திரிப்பூ நிறத்தைக் காட்டியது. அது எல்லை தாண்டி ஏறிவிட்டது என்று முடிவு செய்து அமில கேனையும் எடுத்து வைத்தேன்.

மெஷின்காரருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. கணவர் ஆபீசுக்குப் போயிருந்தார். கண்ணுக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும் தண்ணீரில் கிருமியைக் கொல்ல ஒரு துளி குளோரின்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டே மறுபடி அவர் எண்ணை அழுத்தினேன்.

தங்கை குளிக்கும் உடையோடு வந்து, ஊன்றுகோலால் தார்ப்பாயின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள்.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதேக்கா. எறங்கட்டுமா?"

"கிட்ட வராத. சுத்தமா குளோரினே இல்ல."

"ஆஸ்பத்திரிலிருந்து வந்து எத்தன நாளாச்சு. முட்டி மறுபடியும் பூட்டிக்குது. கொஞ்ச நேரம் நிக்கறேனே."

"உனக்குப் புரியுதா இல்லையா? மறுபடியும் மூச்சுத் திணறிட்டு அங்க போய்ப் படுக்கணுமா?" நான் கத்திவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் அங்கிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "சரி, இன்னொருக்கா போட்டுக் காட்டு. நானும் பாக்கறேன்" என்றாள்.

வேண்டாவெறுப்பாக, தார்ப்பாயை விலக்கித் தண்ணீர் பிடித்தேன். பொடியைப் போட்டேன். மூடியைத் தேடி, திருகி, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"பாரு. ஒண்ணுமே இல்ல."

"இருந்துச்சே" என்றாள்.

"என்ன இருந்துச்சு?"

"நீ மூடியத் தேடுனப்போ ரோஸா வந்துச்சுக்கா. உடனே மறைஞ்சுபோச்சு. நீ பாக்கல."

நான் நம்பவில்லை. மறுபடி செய்தேன். இந்தத் தடவை மூடியைத் தேடாமல் குழாயையே பார்த்தேன். பொடி விழுந்த இடத்தில் ரோஜா நிறம் பூத்தது. மூச்சு விடுவதற்குள் கரைந்து காணாமல் போனது.

தங்கை யோசித்தாள். "ப்ளீச்சிங் அதிகமாப் போட்டா துணியில சாயம் போயிருதில்ல? அதாட்டம் இந்த நெறத்தையும் தின்னுருச்சோ? குளோரின் இல்லாம இல்லக்கா. கணக்குவழக்கு இல்லாம இருக்குதோ என்னமோ."

ஒரு டம்ளர் குளத்துத் தண்ணீரையும் பொடியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். குடிக்கிற தண்ணீரைக் குழாய் நிறையப் பிடித்து, அதில் குளத்துத் தண்ணீரை ஒரு சின்னக் கரண்டி மட்டும் கலந்து பொடி போட்டேன். பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. நிறம் போகவே இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். "எறங்கட்டுமா" என்று அவள் கேட்டது காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. கிருமி இருக்கும் என்று பயந்து அவளைத் தடுத்திருந்தேன்; உண்மையில் அங்கே இருந்தது நான் கேன் கேனாக ஊற்றியது. அவள் கண்ணும் தோலும், அந்த நெஞ்சும் என்ன ஆகியிருக்கும்?

"எந்திரிக்கா. மொதல்ல மெஷின நிறுத்து" என்றாள், பின்னாலேயே ஊன்றுகோலோடு வந்த தங்கை.

மெஷினை அணைத்தோம். மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, தார்ப்பாயை முழுக்கச் சுருட்டினோம். சாயங்காலம் மெஷின்காரர் ஃபோனில் கிடைத்தார். அளவு மீறினால் அந்தப் பொடி வெளுத்துவிடும் என்றும், கத்திரிப்பூ நிறமும் அதனால்தான் என்றும், அமிலத்தைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். நல்ல வெயில் அடித்தால் தானாக இறங்கிவிடுமாம்.

வெயில் வரத்தான் நேரமாயிற்று. மேகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வாரம் கழிந்தது. தினமும் தங்கைதான் நாற்காலியில் உட்கார்ந்து குழாயைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவள் விரல்களுக்குப் பிடிப்பு இல்லாததால் பொடி போடுவதும் குலுக்குவதும் நான். ஒரு காலையில் வெறும் குளத்துத் தண்ணீரிலேயே ரோஜா நிறம் வந்து நின்றது. அட்டையோடு ஒட்டிப் பார்த்தாள். "சரியா இருக்குது" என்றாள். கணவரைக் கூப்பிட வாயெடுத்தேன். என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

அவள் படியில் இறங்கினாள். முதல் நாளே ரொம்ப நேரம் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன், கேட்கவில்லை. குளத்தின் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். நான் கரையில்தான் நின்றேன். அன்றைக்குச் சாயங்காலம் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனபோது, திட்டுவாள் என்று நினைத்தேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்து காட்டினாள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.