பேருந்து வீட்டுக்கு ஒரு வரி ரசீது

ஒரு பேருந்தைக் கழித்துக்கட்டப் பதினான்கு கையெழுத்து வேண்டும். ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. போக்குவரத்துக் கழகம் ஒன்றின் பண்டகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தேன். இந்த வண்டி இனி ஓடாது என்று சான்றளிப்பது என் தொழில். அப்படி நான் சான்றளித்த வண்டிகள் ஏலம் போய், வேறு நிறம் பூசிக்கொண்டு, கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு, நான் போகும் நல்ல வண்டியை முந்திச் செல்வதை ஜி.எஸ்.டி. சாலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கழித்த பேருந்துகள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

1991இல் அப்படி ஒன்றை வாங்கி வீடாக்கினேன். கழக ஊழியர் ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஏலம் எடுத்த பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கினால் அந்த விதி வாய் திறக்காது என்பதும் தெரியும். எஞ்சினை அவரே கழற்றிக்கொண்டார். மிச்சத்தை டிராக்டர் வைத்து இழுத்து, வடக்குப்பட்டுப் பக்கம் என் மனைவியின் இருபது சென்ட்டில் நிறுத்தினோம்.

அந்த இருபது சென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேரப்பணஞ்சேரியில் அவளுடைய அண்ணன் தம்பிகள் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தையெல்லாம் அன்போடு பிரித்துக்கொண்டு, வேலிக்காத்தான் மட்டும் விளையும் இந்த மேட்டை அவளுக்குப் பெரிய மனதுடன் எழுதிக்கொடுத்தார்கள். உலகத்தில் அவள் பெயரில் இருந்த ஒரே பத்திரம் அது. வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்து, வெயில் காட்டி, மடிப்பு மாறாமல் உள்ளே வைப்பாள்.

அங்கே ஏன் முறையாக ஒரு வீடு கட்டவில்லை? கட்டினால் வரைபடத்துக்கு ஓர் அலுவலகம், வரிக்கு ஓர் அலுவலகம், மின்சாரத்துக்கு ஓர் அலுவலகம். அலுவலகங்களை உள்ளேயிருந்து பார்த்தவன் நான். சக்கரம் வைத்த வீட்டுக்கு வரைபடம் கிடையாது, வரி கிடையாது. மின்சாரத்துக்குச் சூரியன். மானியத்தில் சூரிய ஒளித் தகடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; விண்ணப்பத்தை மூன்று பிரதியில் போட்டு இரண்டு தகடு வாங்கிக் கூரையில் பொருத்தினேன். “எந்த ஆபீஸிலும் நம் மேல் ஒரு ஃபைல் இல்லை” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான்.

ஓட்டுநர் இடம் சமையலறை ஆயிற்று. அடுப்புக்கு நேர் மேலே ‘புகை பிடிக்காதீர்’ என்று எழுதியிருந்தது. இடது பக்கம் ‘பெண்கள்’ என்றிருந்ததால் அதை மனைவியும் இரண்டு மகள்களும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பின்கதவை ஒட்டிய நடத்துநர் இருக்கை. சூரியன் தந்ததில் இரண்டு குழல் விளக்கும் ஒரு சிறு விசிறியும் ஓடின. கறுப்பு வெள்ளை டி.வி.யும் ஓடும், ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கதாநாயகன் தொலைந்துபோன அம்மாவைக் கண்டுபிடிப்பதற்குச் சற்று முன்பு பேட்டரி படுத்துவிடும். கல் குவாரி லாரிகள் கிளப்பும் தூசி தகட்டில் படியும்; தினமும் காலையில் ஏறித் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு நான் வேலைக்குப் போனதும், நல்ல சூடான இடம் என்று மனைவி அதன் மேல் மிளகாய் காயப்போடுவாள். விஞ்ஞானம் அந்த அளவுக்கு எங்கள் குடும்பத்தில் கலந்துவிட்டது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் நோட்டீஸ் வந்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிறார்கள். குடியிருக்கும் வீடு உள்ள மனைகளை விட்டுவிடுவார்கள், வெற்று நிலம் மட்டும் போகும் என்றார்கள். எனக்குக் கவலையே இல்லை. நாங்கள்தான் குடியிருக்கிறோமே.

சர்வேயர் நோட்டுடன் வந்தார். பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“சார், இது இன்னா?”

“வீடு.”

“சக்கரம் கீதே சார்.”

“காற்று இல்லை.”

“காத்து அடிச்சா வண்டி தானே? வூட்டு வரி ரசீது கீதா?”

“இதற்கு வரி கிடையாது.”

“கரெண்டு கார்டு?”

சூரிய ஒளி மின்சாரத்தின் அருமையை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தகட்டை அண்ணாந்து பார்த்தார். “மொளகா நல்லா காஞ்சிகீது” என்றார். நோட்டில் ‘தரிசு’ என்று எழுதிக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் போனார். அங்கே ஒரு மாட்டுக் கொட்டகை. ஒரு விளக்கு மின் இணைப்பும் அதற்கான அட்டையும் இருந்தன. ‘வீடு’ என்று எழுதினார்.

மாட்டுக்காரர் அன்று மாலையே வேலி ஓரம் வந்தார்.

“இன்னா சார், எம் மாட்டுக்கு வூடு கீதாம், உங்களுக்கு இல்லியாமே? எடம் பத்தலன்னா சொல்லுங்க, எருமைய நவுத்திக் கட்றேன்.”

உள்ளே மனைவி பத்திரத்தை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். அது வெயில் காட்டும் மாதம் அல்ல.

“எந்த ஆபீசுலயும் நம்ம பைலே இல்லன்னு சொல்லிகினு இருந்தீங்களே, இப்ப இன்னா பண்ணப் போறீங்க?”

“ஆட்சேபணை எழுதுவேன்.”

“எழுதுங்க. எங்கப்பா சொத்துல எனக்கு வந்தது இது ஒண்ணுதான். அதையும் நெனப்புல வெச்சிகினு எழுதுங்க.”

பதினொரு பக்கம் எழுதினேன். குடியிருப்பு என்பதன் பொருள், அசையும் சொத்து எப்போது அசையாச் சொத்தாகிறது, என எதையும் விடவில்லை. இன்றைக்கும் சொல்வேன், அதில் ஒரு பிழை கிடையாது.

விசாரணைக்கு முந்திய நாள் மனைவி கடைசி இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். ஊராட்சி வீட்டு வரி ரசீது. கதவு எண், அவள் பெயர், ‘ஓர் அறை, செங்கல் சுவர், சிமெண்டுத் தளம்’ என்ற விவரம்.

எங்களிடம் செங்கல் சுவர் வைத்த ஓர் அறைதான் உண்டு. பேருந்தில் இல்லாத ஒரே வசதிக்காகப் பின்னால் கட்டியது. கழிப்பறை.

“கக்கூசுக்கு வீட்டு வரியா?” என்றேன்.

“எழுத்தர் வந்தாரு. செவுரு கீது, தளம் கீது, வூடுதான்னாரு. கட்டிட்டேன்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா மேல்முறையீடு அது இதுன்னு கோர்ட்டு வரைக்கும் போயிருப்பீங்க.”

போயிருப்பேன். வென்றும் இருப்பேன். கதவின் மேல் சுண்ணாம்பில் எழுதியிருந்த எண்ணை இத்தனை நாளும் மேஸ்திரியின் செங்கல் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் விசாரணை அதிகாரி என் பதினொரு பக்கத்தைப் பிரிக்காமலே கையில் தூக்கிப் பார்த்தார்.

“சார், பேப்பர் ஏதாவது இருக்கா?”

“அதுதான் பதினொரு பக்கம் இருக்கிறதே.”

“இது நீங்க எழுதினது. வேற யாராவது எழுதினது இருக்கா?”

மனைவி ரசீதை மேசையில் வைத்தாள். அதிகாரியின் முகம் மலர்ந்தது. முத்திரை இருந்தது, எண் இருந்தது.

“இந்தக் கதவு எண்ல யார் குடியிருக்கா?”

பேருந்தில் குடியிருக்கிறோம் என்பது உண்மை. அந்த உண்மைக்கு அந்த அறையில் இடமில்லை. மனைவி என்னைப் பார்க்கவில்லை. ரசீதின் ஒரு மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள், மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல்.

“நாங்கள்தான் ஐயா. நாலு பேர்.”

“எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நேர்ல பாத்து ரிப்போர்ட் வரட்டும்.”

இரண்டு வரி எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் மிகச் சுருக்கமானது.

அதே சர்வேயர் மறுபடி வந்தார். அதற்குள் மனைவி கழிப்பறை வாசலில் கோலம் போட்டு, நிலைக்கு மாவிலை கட்டி, ஒரு காலண்டரும் மாட்டியிருந்தாள். சர்வேயர் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டார். டேப்பைப் பிடித்தார். ஆறடிக்கு நாலடி.

“நாலு பேருமா சார்?”

“அனுசரித்துக்கொள்கிறோம்.”

“பொண்ணுங்க படிக்கிறதெல்லாம்?”

“முறை வைத்துக்கொள்கிறார்கள்.”

மனைவி பேருந்திலிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். “உள்ள வந்து குந்தி குடிங்களேன் சார்” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

“பரவால்லம்மா. நின்னுகினே குடிக்கிறேன்.”

டம்ளரைத் திருப்பித் தரும்போது பேருந்தின் பக்கம் தலையை ஆட்டி, “அப்ப இத இன்னான்னு எழுதறது?” என்று கேட்டார்.

“எழுதாதீங்க சார்” என்றாள் மனைவி. “அது தானா நிக்குது.”

இருபது சென்ட்டும் தப்பியது. ஆய்வறிக்கையின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். அந்தப் பழக்கம் எனக்குப் போகாது. நிலம் விடுவிக்கப்படலாம் என்பதற்கு மேலே சர்வேயர் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘வீடு சிறியது. நால்வர் வசிக்கின்றனர். சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. காற்றோட்டம் போதுமானது.’

மனைவி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். என் பதினொரு பக்கத்தின் நகலையும் நீட்டினேன். அதற்கு உள்ளே இடமில்லை என்றாள்.