இடது முன்சக்கரம்

போன வாரம் மகளுடைய காரைத் திண்டுக்கல்லில் சர்வீசுக்கு விட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் தாளைப் பார்த்துக்கொண்டே, "சார், வீல் பேரிங் போயிருக்கு. ஒரு மணி நேரத்துல மாத்திருவோம்" என்றாள். யாரோ கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். கிரீஸ் வாசனை வந்தது. கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

உங்களுக்கு அந்த வாசனை எப்படியோ, எனக்கு அது யூசுப்பின் வாசனை. முப்பது வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய டீசல் காரை வாங்கி டாக்ஸி ஓட்டினோம். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். அவனுடைய அத்தா பழனி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடையில் உட்காரப் பிடிக்காமல் மலைக்கு ஓடி வந்தவன் அவன். நல்ல கைவாகு. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தே எந்த ஸ்பேனர் என்று சொல்லிவிடுவான். எனக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால் அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டவன் மாதிரி விழிப்பேன்.

ஒரு பனிக்காலக் கடைசியில் கார் உறுமத் தொடங்கியது. வேகம் கூடக் கூட, தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். யூசுப்பிடம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. ரோடு அப்படிக் கெடக்கு, அந்தச் சத்தமா இருக்கும்" என்றான்.

பத்து நாள் இதையே பேசிச் சண்டை போட்டோம். வேலைக்குச் சோம்பல்படுகிறான் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "சரிலே, வீல் பேரிங்கா இருந்தாலும் இருக்கும், கழட்டித்தான் பாப்போமே. எந்தப் பக்கம்?" என்றான். "இடது பக்கம்" என்று அடித்துச் சொன்னேன்.

பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி ஜாக்கி போட்டோம். யூசுப் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தான். "ஆட்டம் இருக்கத்தான் செய்யுது." வாங்கி வந்திருந்த புது பேரிங்கை எடுத்து, உள்ளங்கையில் கிரீஸை அள்ளி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தி அழுத்தி நிரப்பினான். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு இம்மியளவு தளர்த்தினான். என் பங்குக்கு நான் ஒரு வாஷரைச் சாக்கடையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் தேடினேன்.

வடகவுஞ்சிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். அவன்தான் ஓட்டினான். உறுமல் அப்படியே இருந்தது. பக்கம் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. அதை ஒப்புக்கொள்ள நான் வாயெடுப்பதற்குள் அவன் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தான்.

"போயிருச்சு பாத்தியா? பட்டு மாதிரி ஓடுது."

பின்னால் ஒரு பஸ் இரண்டு வளைவாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தோளைத் தொட்டு ஓரம் கட்டச் சொன்னேன். பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது கண்டக்டர் திட்டிவிட்டுப் போனார்.

"யூசுப், சத்தம் அப்படியேதான் இருக்கு."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான். "மூத்தவ பொறந்ததுல இருந்தே கொஞ்சங் கொஞ்சமாக் கொறையுது. வெளிய சொல்லிராதலே. வேற சோலி எனக்குத் தெரியாது."

சொல்ல மாட்டேன் என்றேன். மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார். காது மிஷின் வாங்கினான். அதில் வெறும் இரைச்சல்தான் கேட்கிறது என்று பெட்டியில் வைத்துவிட்டான். அவனை ஓட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீசன் வந்தது. மேலேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிய லாரி அவனுக்குக் கேட்கவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒடித்ததில் கார் தடுப்புச் சுவரில் இடித்தது. முன் சீட்டில் இருந்த பெண்ணுக்குக் கை முறிந்தது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவன் அதே காரில் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்தபோது, அத்தனை டிரைவர்களும் நிற்க, நான் கத்தினேன்.

"செவிட்டுப் பயகிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

அது அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பியதைப் பார்த்தான். சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு நடந்து போனான்.

அவன் ஓட்டியிருக்கக் கூடாதுதான். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதை நான் முன்னாலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

யூசுப் தன் மனைவியின் ஊரான ஒட்டன்சத்திரத்துக்குக் குடும்பத்தோடு போய், மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற தைரியம் வர எனக்கு ஆறு வருஷம் ஆனது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். டீ வந்தது. "அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புடா, மன்னிச்சிரு" என்றேன்.

அவன் மனைவியிடம் திரும்பினான். "என்ன சொல்றான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்ட மன்னிப்பைத் தெருவுக்கே கேட்கும்படி அவள் கத்தித்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. உடம்பப் பாத்துக்கிடச் சொன்னேன்."

அதை அவள் கத்திச் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

இரண்டு வருஷம் கழித்து அவன் இறந்துபோனான். முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லாரி டிரைவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவும் மாதங்கள் கழித்து. அதற்குள் காரை இரும்புக்குப் போட்டிருந்தேன். ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கள் கார்களை நிறுத்துகிறார்கள். தகவல் தெரிந்ததும் ஒட்டன்சத்திரம் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவன் மனைவி எந்த மகளோடு எந்த ஊருக்குப் போனாள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.