பக்கத்து வீட்டில் வைத்த பை

நேர்காணலுக்கு மூன்று வாரம் தயாரானேன். குடவாசலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் நேர்காணல் அறை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர் என் கணவர். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பத்தாவதோடு படிப்பை விட்டவர். கணக்கு என்றாலே காத தூரம் ஓடுவார். ஆனாலும் கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, மகள் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார்.

"பன்னெண்டு வருஷமா ஏன் வேலைக்குப் போகல?"

அந்தக் கேள்வியில்தான் நான் சறுக்குவேன். நேர்காணல், திருவாரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு. எம்.எஸ்சி., பி.எட். முடித்து இரண்டு வருடம் பாடம் நடத்தியவள்தான் நான். மகள் பிறந்ததும் நின்றேன். ஆறு மாதத்தில் திரும்பப் போகலாம் என்று நின்றது, அவள் ஏழாம் வகுப்புக்குப் போகும்வரை நீண்டுவிட்டது. எனக்கோ நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவும் கைவிட்டுப்போனால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று திடமாக நம்பினேன்.

ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பொய்ம்மா" என்றாள் மகள். குடும்பச் சூழ்நிலை என்றேன். "என்ன சூழ்நிலை? நான் போக வேணாம்னா சொன்னேன்?" என்று கேள்வி கேட்பவரே கோபித்துக்கொண்டார். வாஸ்தவம், அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. அது எனக்கு ஓரமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

நேர்காணல் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் புடவை கசங்காமல் நிதானமாகப் போய்ச் சேரலாம். கடிதம் வந்த அன்றே என் கணவர் தினசரி காலண்டர் முன்னால் போய் நின்றார். கரண்டுக்குப் பயப்படாத மனிதர், காலண்டரைக் கேட்காமல் செருப்பு மாட்டமாட்டார்.

"வியாழக்கிழம ஆறுலேருந்து ஏழரை எமகண்டம். ஏழு மணிக்கு எப்படிக் கெளம்புவ?"

"பஸ்ஸு எமகண்டம் பாத்துக்கிட்டா வருது?"

அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. பரஸ்தானம். புறப்படும் நேரம் சரியில்லையென்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோக வேண்டிய பையை வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்நேரமும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வேலை முடியும்வரை பை திரும்ப நம் வீட்டுப் படி ஏறக்கூடாது.

புதன்கிழமை மாலை, என் சான்றிதழ்கள் அத்தனையும் இருந்த கறுப்புப் பையை அவரே தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் கேலி செய்தேனே தவிர தடுக்கவில்லை. உள்ளூர எனக்கும் பயம்தான்.

மறுநாள் ஆறேமுக்காலுக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் போய் நின்றால், அக்கா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. எதிர்வீட்டில் விசாரித்தோம். குறுவை அறுப்புக்கு நாலு நாளாகக் கூப்பிட்டும் வராத மெஷின் விடியற்காலையில் வந்து இறங்கிவிட்டதாம். வந்த மெஷினுக்கு ஆள் போய் நிற்காவிட்டால் அது அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. வீட்டோடு அத்தனை பேரும் வயலுக்குப் போயிருந்தார்கள். அக்காவின் போன் பூட்டிய கதவுக்குள்ளே அடித்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நான் போகக் கூடாதுன்னுதானே இப்படிப் பண்ணீங்க?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. பதில் பேசாமல் பைக்கை எடுத்தார். மதகு வரைக்கும்தான் வண்டி போகும். அவர் ஸ்டாண்டு போடுவதற்குள் நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் இறங்கிவிட்டேன். ராத்திரி பெய்த மழையில் வரப்பு வழுக்கியது. ஓரிடத்தில் கால் சறுக்கி, முழங்கால் வரை சேறு. என்னைக் கண்டதும் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, ஒன் பை! மெஷின் சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துபோச்சுடி!" முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

பை கைக்கு வந்தபோது மணி ஏழு நாற்பது. பஸ் போய்விட்டது. என் கணவர் பைக்கிலேயே திருவாரூர் வரை கொண்டுபோய் விட்டார். பள்ளி வாசலில் இறக்கிவிட்டு மெதுவாக, "இப்ப நேரம் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

நேர்காணல் அறையில் நாலு பேர் இருந்தார்கள். தலைமையாசிரியை முதலில் பார்த்தது என் புடவைக் கரையை. என்ன ஆயிற்று என்று கேட்டார். மூன்று வார ஒத்திகையில் அந்தக் கேள்வி வரவே இல்லை. கதை கட்டத் தெம்பில்லாமல் நடந்ததை அப்படியே சொன்னேன்.

"எமகண்டம் பாக்கறவங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு எடுப்பீங்களா?"

"பாக்கறது அவரு மேடம். ஓடுறதுதான் நான்."

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அந்தக் கேள்வி வந்தது. பன்னிரண்டு வருடம் ஏன் வேலைக்குப் போகவில்லை?

"மகளை வளத்தேன். அவ பெரிசானதும் வந்திருக்கலாம். பயமா இருந்துச்சு மேடம். அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. என்னை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. போர்டில் ஒரு கணக்கை நடத்திக் காட்டச் சொன்னார்கள். சாக்பீஸ் கையில் வந்ததும் சேறும் மறந்துபோயிற்று, பயமும் மறந்துபோயிற்று.

நாலு நாளில் போன் வந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். என் கணவர் காலண்டர் பக்கமே போகவில்லை. "இனிமே பையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பாட்டுக்குக் கெளம்பு" என்றார். தெருவில் நான் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஏழரைக்கு மேல் ராகு காலம் என்பது எனக்கே தெரியும். ஏழேமுக்கால் பஸ்ஸில் நிம்மதியாகப் போனேன்.

ஐந்து பீரியடு பாடம் எடுத்து, தொண்டை கட்டி, சந்தோஷமாக வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றும்போதே பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கையில் என் பழைய குடை.

"இந்தாடி, எடுத்துக்காமயே போயிட்டியே! நேத்து சாயங்காலம் நல்ல நேரத்துல ஒன் வீட்டுக்காரர் கொண்டாந்து வச்சாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாரு. நான் இன்னிக்கு வயலுக்கே போகல, தெரியுமா? கதவத் தொறந்து போட்டுக்கிட்டு வாசல்லயே ஒக்காந்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அன்று தெருவில் நின்று கேட்டேனே, அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

குடையை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. வாசல் ஆணியிலேயே மாட்டினேன். மறுநாள் காலை, மழைக்கான அறிகுறியே இல்லாத வெயிலில், அதை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.