பத்து நிமிஷத்தில் கிடைத்த வேலை

எங்கள் மங்கலம் ஊரில் மற்றவர்கள் நெல், கரும்பு என்று இருக்க, செல்லக்கண்ணு மட்டும் பாய்லர் ஓட்டுகிற வேலைக்குப் போனார். தொழிற்சாலைக்கு வேண்டிய நீராவியை உண்டாக்குகிற பெரிய கொதிகலன்தான் பாய்லர். அதை ஓட்ட அரசாங்கப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை தேறினார் அவர். பதினெட்டு வருஷம் ஒரு சாயக் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனியை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் அவர் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. மனைவி புவனேஸ்வரிக்குப் பிள்ளையார்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வீடு அதில்தான் ஓடியது. காலையில் இவர் சோறு வடித்து, டிபன் பாக்ஸில் கட்டி, அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். தெருவில் யாராவது கிண்டலாகப் பார்த்தால் சட்டை செய்ய மாட்டார்.

நடுவில் ஒரே ஓர் இடத்தில் சட்டென்று கூப்பிட்டார்கள். தவளக்குப்பத்து ஏஜென்ட் ஒருவர் மூலமாக வந்த வேலை. காலையில் சான்றிதழைக் காட்டினார், சாயங்காலம் ஆர்டர் கையில். சந்தோஷமாகப் போனால், அவரைப் பாய்லர் பக்கமே விடவில்லை. சோதனைக்கு வருகிற அதிகாரிகள் பார்க்கட்டும் என்று சான்றிதழின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அவரைக் குடோனில் மூட்டை அடுக்க வைத்தார்கள். பாய்லரை ஓட்டியவர் பரீட்சை எழுதாத ஆள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் பழி யார் தலையில் விழும்? பதினோராம் நாள் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதனால்தான் போன வருஷம் திருபுவனையில் ஒரு பிஸ்கட் கம்பெனி பத்து நிமிஷத்தில் வேலை கொடுத்தபோது அவருக்குச் சந்தேகம் வந்தது.

முதல் நாள் காலையில்தான் வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பியிருந்தார். மத்தியானமே போன் வந்தது. மறுநாள் போனார். ஆள் எடுக்கிற அதிகாரி உஷாராணி என்ற அம்மாள், சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நாலே கேள்விதான் கேட்டார்.

"எப்ப ஜாயின் பண்றீங்க?"

"எப்ப வேணும்னாலும் மேடம்."

"நாளைக்கே வந்துடுங்க. ஆர்டர் ரெடியா இருக்கும்."

சம்பளமும் இவர் கேட்க நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் சொன்னார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் செல்லக்கண்ணுவுக்கு ஒரே யோசனை. ஏன் இவ்வளவு அவசரம்? இதற்கு முன்னால் இருந்தவனுக்கு என்ன ஆயிற்று? பாய்லர் கெட்டுப்போய் இருக்கிறதா?

சாயங்காலம் புவனேஸ்வரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது இதையெல்லாம் சொன்னார்.

"வேலை இல்லன்னாலும் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிறீங்க, கெடைச்சாலும் தூக்கி வெச்சிக்கிறீங்க. இன்னாதான் வேணும் உங்களுக்கு?" என்றாள் அவள்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி பேசினாள். "தீக்காயத்துக்கு வர்றவங்க வார்டை நான்தான் தொடைக்கிறேன். அங்க ஒங்களப் பாக்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல. போங்க, மொதல்ல பாய்லரைப் பாருங்க. மனசுக்குப் புடிக்கலன்னா கையெழுத்துப் போடாம வூட்டுக்கு வந்துடுங்க. ஏன் வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

பதினான்கு மாதம் ஒற்றை ஆளாகக் குடும்பத்தை இழுத்தவள் சொன்ன வார்த்தை அது. இதைச் செல்லக்கண்ணு என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் உஷாராணி ஆர்டரையும் பேனாவையும் நீட்டினார். இவர் பேனாவைத் தொடவில்லை. "மேடம், மொதல்ல பாய்லரைப் பாத்துடறேன்" என்றார். அந்தம்மாள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் எழுந்து அவரே கூட்டிக்கொண்டு போனார்.

பாய்லர் அறை சுத்தமாக இருந்தது. சுவரில் அந்த வருஷத்துச் சோதனைச் சான்று மாட்டியிருந்தது. சேஃப்டி வால்வு, பம்ப், பிரஷர் மீட்டர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஓரத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயசு இருக்கும்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி இருந்தவரு ஏன் வேலைய வுட்டாரு?"

"அது நான்தான்பா. இன்னும் வுடல, ஒனக்காகத்தான் ஒக்காந்துனு இருக்கேன்."

அவர் பெயர் இருசப்பன். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீர் குறைந்தது தெரியாமல் தீயை எரித்தால் வெடித்துவிடும். இருசப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் ஒருநாள் குழாயில் பாதிக்குத் தண்ணீர் இருப்பதாகத் தோன்றியது. சந்தேகப்பட்டுக் கிட்டே போய் விரலை வைத்துப் பார்த்தால் அடிமட்டத்தில் கிடந்தது.

"தீயை நிறுத்திட்டு நேரா மேனேஜர்கிட்ட போயி, சார், எனக்குக் கண்ணு தெரியல, இனிமே என்னை நம்பி ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டேன். ஒரு வாரமா பக்கத்துக் கம்பெனி ஆளைக் கடன் வாங்கி ஓட்டறாங்க. நாளையோட அவனும் போயிடுவான். அதான் இந்தம்மா பறக்கறாங்க."

செல்லக்கண்ணு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் சம்பளம் வாங்கியிருக்கலாம்! சுற்றிலும் இருநூறு பேர் வேலை செய்கிற இடம் என்று நினைத்திருக்கிறார். கையை எடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டார். "அடச் சீ, இன்னாபா இது" என்று இருசப்பன் கூசிப்போனார்.

ஆபீசுக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட்டதும் உஷாராணி பெருமூச்சு விட்டார். "உண்மையச் சொல்றேன் சார். எப்ப வேணும்னாலும் வர்றேன்னு நீங்க சொன்னதும் எனக்கும் சந்தேகம்தான். இவ்ளோ அனுபவம் இருக்கற ஆளு ஏன் சும்மா இருக்காரு, எங்கயாவது தப்புப் பண்ணிட்டு வந்தவரான்னு. பழைய கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி விசாரிச்சிட்டுத்தான் ஆர்டர் அடிச்சேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க மேடம்" என்றார் செல்லக்கண்ணு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருசப்பனுக்கு அடுத்த மாதமே புவனேஸ்வரி வேலை பார்க்கிற பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நடந்தது. சீட்டுப் போடுவதிலிருந்து சொட்டு மருந்து வாங்குவது வரைக்கும் புவனேஸ்வரி கூடவே அலைந்தாள். கண்கட்டு அவிழ்த்த அன்றைக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோனாள். கண் தெளிந்ததும் கம்பெனி அவரைப் பாய்லர் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்போது இரண்டு பேருக்கும் பகல் ஷிப்டு.

இந்த ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாய்லருக்குச் சந்தனம் வைத்து, பெரிய சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கற்பூரத் தட்டை மேனேஜர் செல்லக்கண்ணுவிடம்தான் கொடுத்தார். இவர் அதை இருசப்பன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டார். பொரியும் சுண்டலும் வாங்க வரிசை வாசல்வரைக்கும் நின்றது. பைக்கில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், பேக்கிங் பெண்கள் என்று இருநூறு பேரும் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது.