விட்டுப்போன மைனஸ் எட்டு

புனோ நகரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நண்பகலில் முடியும். மூன்று மணிக்குள் பயிற்சி நிலையங்கள் எல்லாக் கணக்குகளையும் போட்டு, விடைத்தாளை அச்சடித்து, பல்கலைக்கழக வாசலில் விற்றுவிடும். எங்கள் நிலையத்தின் தாளுக்குத்தான் கூட்டம் முண்டியடிக்கும். கணக்குப் போடுபவர் நிகாசியோ தீக்கோனா. இருபது வருடத்தில் ஒன்றுகூடத் தப்பவிட்டதில்லை.

அந்த வருடம் அவர் மகள் டெல்மிரா மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதினாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா தாக்னாவுக்குத் தையல் வேலைக்குப் போயிடுவேன்பா" என்று சொல்லியிருந்தாள்.

"என்ன வாத்தியாரே, பொண்ணு எழுதியிருக்கான்னு கை நடுங்குதா?" அச்சு இயந்திரத்தைச் சுற்றும் எவாரிஸ்தோ சீண்டினார்.

"நீ ஒழுங்கா மையை ஊத்துடா. போன வருஷம் ஒம்போதெல்லாம் சைபரா விழுந்துச்சு."

முப்பத்தோராவது கணக்கு: x-இன் அடுக்கு மூன்றில் இரண்டு, மதிப்பு நான்கு. தீர்வுகளின் கூட்டுத்தொகை என்ன? அவர் இரு பக்கத்தையும் இரண்டில் மூன்று அடுக்குக்கு உயர்த்தி, எட்டு என்று எழுதித் தாளை என்னிடம் தள்ளினார். தட்டச்சு செய்யும்போதே உறுத்தியது. மைனஸ் எட்டின் கனமூலம் மைனஸ் இரண்டு. அதன் வர்க்கமும் நான்குதான். அப்படியானால் கூட்டுத்தொகை பூஜ்யம். வாய் திறந்தேன். அவர் அடுத்த கணக்கில் இருந்தார். மூடிக்கொண்டேன்.

டெல்மிரா பூஜ்யம் என்றே குறித்திருந்தாள். வாசலில் எங்கள் தாளை வாங்கி ஒப்பிட்டாள். அதன்படி, தேறுவதற்கு ஒரே ஒரு கணக்கு குறைந்தது. யாரிடமும் சொல்லாமல் தாக்னாவுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

ஐந்தாம் நாள் பல்கலைக்கழகச் சுவரில் ஒட்டிய தேறியவர் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. அப்போதுதான் நிகாசியோ, அவள் விட்டுச்சென்ற தாளில் சுழித்திருந்த அந்தக் கணக்கை மறுபடி போட்டார். இடத்தைப் பெற மூன்று நாளுக்குள் அவள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். தாக்னாவில் தையற்கடை கடையாக ஏறி இறங்கினார். பட்டியல் வந்த நான்காம் நாள்தான் அவளைக் கண்டுபிடித்தார். இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

"'ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா'ன்னேன்" என்றார் திரும்பி வந்து. "'நீங்க தப்பாப் போடுவீங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?'னா. தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்ல."

என் தட்டச்சுப்பொறிப் பக்கம் திரும்பினார்.

"நீதானேம்மா அதை டைப் பண்ணே? உனக்கும் கண்ணுல படலையா?"

"படல, வாத்தியாரே" என்றேன்.

தலையாட்டினார். அடுத்த தேர்வன்று அவர் கணக்குப் போடவில்லை. எவாரிஸ்தோவுக்குப் பக்கத்தில் நின்று, ஈரம் காயாத தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.